பழைய டெஸ்க்டாப் 1080 டிஐ-க்கு புது லேப்டாப் 4060 ஈடு குடுக்கலையா? அறிகுறியை வச்சு காரணம் புடிக்கிற வழி

ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி பையன் ஃபோன் பண்ணான். "அண்ணா, ஏமாந்துட்டேன்னு நினைக்கிறேன், புது லேப்டாப் என் பழைய பிசி அளவுக்கு கூட ஓடல"ன்னு சொல்றப்பவே குரல் கம்மிப்போச்சு. ஒரு வருஷமா சம்பளத்துல மிச்சம் புடிச்சு வாங்குன லேப்டாப் அது, உள்ள என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு (கேம் படத்தை வரையற சிப்பு, ஜிபியுன்னும் சொல்லுவாங்க), வீட்ல ஏற்கனவே இருக்குற டெஸ்க்டாப்ல செகண்ட் ஹேண்ட்ல வாங்குன ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. மறுநாளே லேப்டாப்பை திருப்பிக் குடுத்துடலாமான்னு கேட்டான், நான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுடான்னு சொல்லிட்டு நேர்ல போய் ரெண்டு மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன். அன்னைக்கு பாத்ததும், அதுக்கு முன்னாடி பல பேருக்கு பாத்துக் குடுத்ததும் சேத்து இங்க எழுதுறேன். உங்க கார்டு 1070, 1060-ஆ இருந்தாலும் லேப்டாப் 3050, 4050-ஆ இருந்தாலும் இதே வழிதான்.

முதல்ல இந்த ரெண்டு கார்டும் என்னன்னு தெரிஞ்சுக்கணும், இல்லன்னா கீழ சொல்றது எதுவும் புரியாது. 1080 டிஐ 2017 மார்ச்ல வந்தது, 3584 கூடா கோர் (கணக்கு போடற சின்ன சின்ன யூனிட்), 11 ஜிபி மெமரி, 352 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவுல இருக்குற பாதை), செகண்டுக்கு 484 ஜிபி டேட்டா இழுக்கும், 250 வாட் சாப்பிடும். லேப்டாப் 4060 2023-ல வந்தது, 3072 கோர், 8 ஜிபி மெமரி, 128 பிட் பஸ்தான், செகண்டுக்கு 256 ஜிபி, வாட் மட்டும் 35-லேந்து 115 வரைக்கும் கம்பெனி இஷ்டத்துக்கு வச்சுக்கலாம். பேப்பர்ல பாத்தா பழசு ஜெயிக்கிற மாதிரி தெரியும். ஆனா 4060 உள்ள எல்2 கேஷ், அதாவது சிப்புக்குள்ளயே இருக்குற வேகமான மெமரி, 32 எம்பி, 1080 டிஐ-ல மூணு எம்பி கூட இல்ல. அடுப்பு பக்கத்துல பெரிய அஞ்சறைப்பெட்டி இருந்தா மளிகை ரூமுக்கு அடிக்கடி ஓட வேண்டியதில்லல்ல, அதே கணக்கு, அதனாலதான் பஸ் சின்னதா இருந்தும் 1080பி-ல அது சமாளிக்குது, கூடவே க்ளாக் ஸ்பீடும் அதிகம். முழு வாட் குடுத்து ஓட விட்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தட்டுலதான் நிக்கும், புது கேம்ல லேப்டாப் கொஞ்சம் முன்னாடி போகும், 4கே ரெசல்யூஷன்லயும் பெரிய டெக்ஸ்சர்லயும் (பொருள் மேல ஒட்டுற படம்) பழசு திரும்ப எந்திரிச்சு வரும். அதனால உங்க லேப்டாப் 1080 டிஐ-ல பாதிதான் வருதுன்னா அது கார்டோட லட்சணம் இல்ல, எங்கயோ எதுவோ தடுக்குது.

டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கண்டிப்பான விஷயம். ரெண்டுலயும் ஒரே ரெசல்யூஷன், ஒரே செட்டிங், ஒரே இடத்துல நின்னு பாக்கணும், விசின்க் (ஃப்ரேமை ஸ்க்ரீன் வேகத்தோட கட்டிப்போடறது) ஆஃப், டிஎல்எஸ்எஸ் (சின்னதா வரைஞ்சு ஏஐ-ல பெருசாக்கறது) ஆஃப், ஃப்ரேம் ஜெனரேஷன் கண்டிப்பா ஆஃப். நிறைய பேர் லேப்டாப்ல ஃப்ரேம் ஜெனரேஷன் ஓடுறது தெரியாமயே 110 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்னு கணக்கு) வருதுன்னு சந்தோஷப்படுறாங்க, அதுல பாதிக்கு பாதி நடுவுல செருகுன ஃப்ரேம், மவுஸை அசைச்சா கை உணர்றது 55-தான். ஓட்டி பத்து நிமிஷம் கழிச்சு வர்ற நம்பரைத்தான் எழுதி வைக்கணும், முதல் ரெண்டு நிமிஷ நம்பர் லேப்டாப்ல ஒண்ணுத்துக்கும் உதவாது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டு ஸ்க்ரீன் மூலைல ஜிபியு யூசேஜ், வாட், க்ளாக், டெம்பரேச்சர், விராம் (கார்டோட சொந்த மெமரி) அஞ்சும் தெரியுற மாதிரி வச்சுக்கோங்க. கார்டு விவரம் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரும் ஒரு காப்பி இருக்கட்டும். ரெண்டுமே ஃப்ரீ.

லேப்டாப்: ஆரம்பத்துலேந்தே எஃப்பிஎஸ் பாதிதான், சூடும் ஆகல

தம்பி லேப்டாப் இப்படித்தான் இருந்துச்சு. டெம்பரேச்சர் 61 டிகிரி, ஃபேன் சத்தமே இல்ல, ஜிபியு யூசேஜ் 98, ஆனா க்ளாக் 1400 சொச்சம் மெகாஹெர்ட்ஸ்ல நிக்குது, வாட் 45. இந்த அறிகுறி தெரிஞ்சா வேற எங்கயும் தேடாதீங்க, கார்டுக்கு சாப்பாடு குறைச்சு போடுறாங்க, அவ்வளவுதான். யூசேஜ் 98-ன்னு காட்டுறதைப் பாத்து கார்டு முழுசா வேலை செய்யுதுன்னு நினைச்சுக்குவோம், அது இருக்குற க்ளாக்ல எவ்வளவு பிஸியா இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், க்ளாக்கே கம்மியா இருக்கறதை அது சொல்லாது.

என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து கீழ இடது மூலைல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு சின்னதா ஒரு லிங்க் இருக்கும், அதை க்ளிக் பண்ணா வர்ற லிஸ்ட்ல மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்னு ஒரு வரி, அதுல இருக்குற நம்பர்தான் உங்க லேப்டாப்போட உண்மையான தகுதி. தம்பியோடதுல 140 வாட்னு இருந்துச்சு, அதாவது 115, அதுக்கு மேல டைனமிக் பூஸ்ட்ல சிபியு பங்குலேந்து எடுத்துத் தர்றது 25. அப்ப 140 வரைக்கும் போக அனுமதி இருக்குற கார்டு 45-ல ஏன் நிக்குது? லேப்டாப் கம்பெனியோட கண்ட்ரோல் சாஃப்ட்வேர்ல சைலன்ட் மோடு ஆன் ஆகி கிடந்துச்சு. ஹாஸ்டல் ரூம்ல பக்கத்துல தூங்குறவன் சத்தம் போட்டான்னு முதல் வாரமே மாத்தி வச்சிருக்கான், அப்புறம் அதை மறந்துட்டான். கீபோர்டுல ஃபங்ஷன் கீயோட சேத்து ஒரு பட்டன் அமுக்குனாலே மோடு மாறிடும், சில மாடல்ல தெரியாம கை பட்டே மாறிடும். பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாத்துன அடுத்த நிமிஷம் வாட் 100-க்கு மேல ஏறுச்சு, க்ளாக் 2400 தாண்டுச்சு. அவன் முகத்தை அப்ப பாத்திருக்கணும்.

இங்க இன்னொண்ணு சொல்லணும், 140-ன்னு எழுதிருக்கே ஆனா 105-க்கு மேல போகலையேன்னு கவலைப்படாதீங்க. இந்த சிப்புக்கு வோல்டேஜ் ஒரு இடத்துல லாக் ஆகிடும், அதனால பெரும்பாலான கேம்ல அந்த பக்கத்துலயே நின்னுடும், அது கோளாறு இல்ல. ஜிபியு-இசட் சென்சார் பக்கத்துல பெர்ஃப்கேப் ரீசன்னு ஒரு வரி ஓடும், மவுஸை மேல வச்சா காரணம் சொல்லும். வோல்டேஜ்னு காட்டுனா ஆரோக்கியமா இருக்கு. பவர்னு காட்டிட்டு வாட் கம்மியா இருந்தா மோடு இல்ல சார்ஜர் பிரச்சனை. தெர்மல்னு காட்டுனா சூடு.

சிஸ்டம் இன்ஃபர்மேஷன்லயே 60, 75-ன்னு இருந்தா அது செட்டிங்கால சரியாகாது, மெலிசான லேப்டாப்புக்காக கம்பெனியே அப்படி கட்டி வச்சிருக்காங்க. என் மனசுல ரொம்ப நாளா இருக்குற ஆதங்கம் இதுதான், நான் என் முதல் கேமிங் லேப்டாப் வாங்கறப்ப கடைல கார்டு பேரை மட்டும்தான் சொன்னாங்க, வாட் எவ்வளவுன்னு கேக்கணும்ங்கறதே எனக்கு தெரியாது, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சுதான் அதே பேர்ல இருக்குற இன்னொரு லேப்டாப்பை விட என்னுது எவ்வளவு பின்னாடின்னு தெரிஞ்சுது. அதனால வாங்கறதுக்கு முன்னாடியே டிஜிபி, அதாவது கார்டுக்கு குடுக்குற பவர், எத்தனை வாட்னு கேளுங்க, பதில் வரலன்னா கம்பெனி ஸ்பெக் ஷீட்ல தேடுங்க, பேருக்கு முன்னாடி அந்த நம்பரைப் பாருங்க. இன்னும் ஒரு குழப்பம், 4060 மட்டும் டெஸ்க்டாப்லயும் லேப்டாப்லயும் ஒரே சிப், ஒரே 3072 கோர். 4070-க்கு போனா அப்படி இல்ல, டெஸ்க்டாப்ல 5888 கோர் 12 ஜிபி, லேப்டாப்ல 4608 கோர் 8 ஜிபி, பேர் மட்டும் ஒண்ணு.

லேப்டாப்: எஃப்பிஎஸ் 30-ல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது

சார்ஜர் சொருகிருக்கான்னு பாருங்க. பேட்டரில ஓடறப்ப எந்த லேப்டாப் கார்டும் முழுசா ஓடாது, பேட்டரியால அவ்வளவு கரண்ட் ஒரே நேரத்துல தர முடியாது, அதுமேல என்விடியா ஆப்ல பேட்டரி பூஸ்ட் ஆன்ல இருந்தா எஃப்பிஎஸ்ஸையே கட்டிப்போட்டுடும். சார்ஜர் சொருகியும் இப்படியே இருந்தா எந்த சார்ஜர்னு பாருங்க, ஆஃபீஸ் போறப்ப கனம் கம்மியா இருக்கேன்னு டைப் சி சார்ஜர் 65 வாட், 100 வாட் எடுத்துட்டுப் போறாங்க, கூட வந்த செங்கல் மாதிரி இருக்குற அடாப்டர் 230 வாட். ரெண்டும் ஒண்ணாகாது. டைப் சி-ல சார்ஜ் ஏறும், கேம் ஏறாது.

லேப்டாப்: நல்லா ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல இறங்குது

இது சூடு, சந்தேகமே வேண்டாம். டெஸ்க்டாப் 1080 டிஐ-க்கு தனியா ஒரு கிலோவுக்கு ஹீட்சிங்க், ரெண்டு மூணு ஃபேன். லேப்டாப்ல சிபியுவும் ஜிபியுவும் ஒரே காப்பர் பைப்பை பங்கு போட்டுக்குது, சிபியு 95 டிகிரி போனா அந்த சூடு பைப் வழியா ஜிபியு பக்கமும் வரும். நம்ம ஊர்ல மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல 38 டிகிரி இருக்கறப்ப உள்ள இழுக்குற காத்தே சூடு, வெளிநாட்டுக்காரன் 21 டிகிரி ரூம்ல உக்காந்து எடுத்த ரிவ்யூ நம்பர் நம்ம வீட்ல வராது, அதை எதிர்பாத்து ஏங்க வேண்டாம்.

முதல்ல செய்ய வேண்டியது காசு செலவில்லாதது, பின்னாடி பக்கம் ரெண்டு இஞ்ச் தூக்கி வைங்க. மெத்தை மேல வச்சு விளையாடறவங்க அதை இன்னைக்கே நிறுத்துங்க, அடியில இருக்குற ஓட்டையை மெத்தை துணி அடைச்சுடும். ரெண்டாவது, சிபியுவோட பூஸ்டைக் குறைக்கிறது, பவர் பிளான்ல மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட் 99-க்கு வச்சா பூஸ்ட் நின்னுடும், நிறைய கேம்ல எஃப்பிஎஸ் பெருசா அடிபடாம டெம்பரேச்சர் மட்டும் சட்டுனு இறங்கும், ஜிபியுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். சிபியுவை ரொம்ப நம்பி ஓடற கேம்னா இதை செய்யாதீங்க. மூணாவது ஆஃப்டர்பர்னர்ல கண்ட்ரோல் எஃப் அமுக்கி வோல்டேஜ் கர்வை இறக்கறது, அது பொறுமையா கொஞ்சம் கொஞ்சமா செய்யற வேலை, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் ஓட்டிப் பாத்துதான் அடுத்த படி இறங்கணும்.

ரெண்டு வருஷம் ஆன லேப்டாப்னா உள்ள தூசி. அடி மூடியைக் கழட்டி ஃபேனுக்கும் அந்த மெலிசு காப்பர் தகடுக்கும் நடுவுல பாத்தீங்கன்னா பஞ்சு மாதிரி ஒரு பட்டை படிஞ்சிருக்கும், வெளியேந்து எவ்வளவு ஊதினாலும் அது போகாது, உள்பக்கமா ஃபேனை விரலால புடிச்சுக்கிட்டு பிரஷ்ஷால இழுக்கணும். ஃபேனை சுத்த விட்டு ப்ளோயர் அடிக்காதீங்க, பேரிங் போயிடும். வாரன்டி இருந்தா சர்வீஸ் சென்டர்லயே செய்யச் சொல்லுங்க.

லேப்டாப்: கனமான கேம் நல்லா ஓடுது, லைட்டான கேம்லதான் பின்தங்குது

கேக்கவே விசித்திரமா இருக்கும் ஆனா ரொம்ப சகஜம். 200 எஃப்பிஎஸ் வர வேண்டிய ஷூட்டர் கேம்ல 150 வரும், 60 எஃப்பிஎஸ் ஓடற பெரிய கேம்ல ஒரு வித்தியாசமும் தெரியாது. காரணம், லேப்டாப் ஸ்க்ரீன் நேரா என்விடியா கார்டோட இணைஞ்சிருக்காது, கார்டு வரைஞ்ச ஒவ்வொரு ஃப்ரேமும் சிபியுவோட கூட இருக்குற சின்ன கிராஃபிக்ஸ் வழியா காப்பி ஆகித்தான் ஸ்க்ரீனுக்கு வரும், ஆப்டிமஸ்னு 2010-லேந்து இருக்குற ஏற்பாடு, பேட்டரி மிச்சம் பண்றதுக்கு. ஃப்ரேம் எண்ணிக்கை கூட கூட இந்த காப்பி வேலையும் கூடும். டெஸ்க்டாப்ல கேபிள் நேரா கார்டுலயே சொருகறதால இந்த இழப்பே கிடையாது, அதனால கம்பேர் பண்றப்ப லேப்டாப் பாவம் ஒரு கையை பின்னாடி கட்டிட்டு ஓடுது.

மக்ஸ் ஸ்விட்ச் (ஸ்க்ரீனை நேரா என்விடியா கார்டுக்கு மாத்தி விடற ஏற்பாடு) இருக்குற மாடல்னா கம்பெனி சாஃப்ட்வேர்லயோ பயாஸ்லயோ டிஸ்க்ரீட் ஜிபியு, அதாவது தனி கார்டு, மட்டும்னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணுங்க. இல்லாத மாடல்னா வெளி மானிட்டர் ஒண்ணு சொருகுங்க, பல லேப்டாப்ல எச்டிஎம்ஐ போர்ட் நேரா என்விடியா கார்டுலேந்து வரும். வருதா இல்லையான்னு பாக்க என்விடியா கண்ட்ரோல் பேனல்ல பிஸ்எக்ஸ் செட் பண்ற பக்கத்துக்குப் போங்க, அங்க எந்த ஸ்க்ரீன் எந்த கார்டுல தொங்குதுன்னு படமா போட்டே காட்டும். எல்லாரும் தாண்டிப் போயிடற பக்கம் அது, எனக்கு பல தடவை உதவிருக்கு.

லேப்டாப்: ஆவரேஜ் நல்லா இருக்கு, நடுநடுவுல டக்கு டக்குனு வெட்டுது

இதுக்கு ரெண்டு காரணம், ரெண்டையும் டாஸ்க் மேனேஜர்லயே பாத்துடலாம். மெமரி பக்கத்துல ஸ்லாட்ஸ் யூஸ்ட் 1 ஆஃப் 2-ன்னு இருந்தா ஒரே ஒரு ரேம் குச்சியோட வித்திருக்காங்க, ரேம் வேகம் பாதிக்குப் பாதி போயிடும், அது ஆவரேஜை விட அந்த வெட்டுற இடங்களைத்தான் மோசமாக்கும். அதே சைஸ் அதே ஸ்பீட்ல இன்னொரு குச்சி போட்டா சரியாகும், தம்பி லேப்டாப்லயும் 16 ஜிபி ஒரே குச்சிதான் இருந்துச்சு.

ரெண்டாவது விராம். இங்கதான் 1080 டிஐ-யோட 11 ஜிபி இன்னைக்கும் நெஞ்சை நிமித்தி நிக்குது. டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கத்துல டெடிகேட்டட் மெமரி 7.6, 7.7-ன்னு முட்டிக்கிட்டு ஷேர்ட் மெமரி மெதுவா ஏறிட்டே போகுதுன்னா எட்டு ஜிபி பத்தாம டேட்டா சாதா ரேமுக்கு வழியுது, அங்கேந்து திரும்ப கொண்டு வர்ற பாதை பிசிஐஇ எட்டு லேன்தான், அதனால திரும்பிப் பாக்கறப்பல்லாம் ஒரு வெட்டு. தம்பி டெஸ்க்டாப்ல அதே சீன்ல விராம் 9.4 ஜிபி ஓடிட்டிருந்துச்சு, ஒரு வெட்டு இல்ல. இதுக்கு மருந்து டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்கறது, மத்த எந்த செட்டிங்கையும் தொட வேண்டாம். அல்ட்ராவுக்கும் ஹைக்கும் 15 இஞ்ச் ஸ்க்ரீன்ல கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, நான் மூக்கை ஒட்டி வச்சுப் பாத்துட்டேன். ப்ரௌசர்ல இருபது டேப் திறந்து வச்சுட்டு விளையாடறதும் விராமைத் தின்னும், மூடிடுங்க.

இப்ப டெஸ்க்டாப் பக்கம். பழைய கார்டு தோக்குறப்பவும் அது கார்டோட குத்தம்னு உடனே முடிவு கட்டக்கூடாது.

டெஸ்க்டாப்: 1080 டிஐ யூசேஜ் 50, 60-லயே நிக்குது

கார்டு சும்மா உக்காந்திருக்கு, சிபியு தர்ற வேலைக்காக காத்துக்கிட்டு. தம்பி டெஸ்க்டாப்ல ஐ5-7500, நாலு கோர் நாலு த்ரெட், லேப்டாப்ல ஐ7-13650எச்எக்ஸ், 14 கோர் 20 த்ரெட். கூட்டம் நிறைய இருக்குற சிட்டி மாதிரி இடத்துல லேப்டாப் ஜெயிச்சா அது 4060 ஜெயிச்சதில்ல, பிராசசர் ஜெயிச்சது. சரியா கார்டை மட்டும் அளக்கணும்னா ரெசல்யூஷனை 1440பி-க்கு ஏத்துங்க, ரெண்டுலயும் யூசேஜ் 95-க்கு மேல வந்தா அப்ப வர்ற நம்பரை நம்பலாம். 1440பி-ல எஃப்பிஎஸ் கொஞ்சம் கூட குறையலன்னா சிபியுதான் தடைன்னு நிரூபணம் ஆகிடுச்சு.

யூசேஜ் சுத்தமா ஜீரோன்னா மானிட்டர் கேபிளை பாருங்க, மதர்போர்டு போர்ட்ல சொருகிருப்பீங்க. சிரிக்காம பாருங்க, வீடு மாத்துனதுக்கு அப்புறம் இது எத்தனையோ பேருக்கு நடக்குது. அப்புறம் ஜிபியு-இசட்ல பஸ் இன்டர்ஃபேஸ்னு ஒரு வரி இருக்கும், அங்க எக்ஸ்16 3.0 அட் எக்ஸ்16 1.1-ன்னு பாத்து பதறாதீங்க, சும்மா இருக்கறப்ப கரண்ட் மிச்சம் பண்ண லிங்க்கை இறக்கி வச்சிருக்கும், பக்கத்துல இருக்குற கேள்விக்குறியை அமுக்கி ரெண்டர் டெஸ்ட் ஓட்டுனா 3.0-க்கு ஏறிடும். ரெண்டர் டெஸ்ட் ஓடறப்பவும் எக்ஸ்4-ன்னு காட்டுனா கார்டு கீழ் ஸ்லாட்ல உக்காந்திருக்கு, மேல் ஸ்லாட்டுக்கு மாத்துங்க.

டெஸ்க்டாப்: கேம் கனமாகுற நேரத்துல பிசி பட்டுனு ரீஸ்டார்ட் ஆகுது

1080 டிஐ 250 வாட் கார்டு, என்விடியாவே 600 வாட் பவர் சப்ளை கேக்குது, அதுவும் புதுசா இருக்கறப்ப. எட்டு வருஷம் ஓடுன பவர் சப்ளைல கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும், வீட்ல வோல்டேஜ் ஏறி இறங்குற ஏரியான்னா இன்னும் சீக்கிரம். கண்டுபிடிக்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு, ஆஃப்டர்பர்னர்ல பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இழுத்து வச்சு அதே கேமை ஓட்டுங்க, ரீஸ்டார்ட் நின்னுடுச்சுன்னா கார்டு மேல சந்தேகப்படறதை விட்டுட்டு பவர் சப்ளையைப் பாருங்க. ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41-ன்னு பதிவு இருக்கும், ஆனா அது பிசி முறையா ஷட் டவுன் ஆகாம நின்னுச்சுன்னு மட்டும்தான் சொல்லும், எதனாலன்னு சொல்லாது. கார்டுக்கு போற ரெண்டு கனெக்டருக்கும் தனித்தனி கேபிள் போடுங்க, ஒரே கேபிள்ல ரெண்டு தலை தொங்குற வகையை தவிருங்க.

இந்த 70 விஷயம் இன்னொரு வகைலயும் நல்லது, வாட் முப்பது சதவீதம் குறைஞ்சும் எஃப்பிஎஸ் அந்த அளவுக்கு குறையாது. கார்டு 84 டிகிரில போய் முட்டி க்ளாக்கை இறக்கிட்டு இருந்தா, சிப்பு மேல இருக்குற தெர்மல் பேஸ்ட் மாத்தறதுக்கு முன்னாடி இதை பண்ணிப் பாருங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, கிரிப்டோ மைனிங்ல ஓடிருக்கும்னு சந்தேகம்னா, பேஸ்டோட சேத்து மெமரி மேல இருக்குற தெர்மல் பேடும் மாத்துங்க, அது காஞ்சு பொடியா உதிர்ற நிலைமைல இருக்கும்.

டெஸ்க்டாப்: பூட் ஆகறப்ப ஸ்க்ரீன் இருட்டு, விண்டோஸ் வந்ததும் தெரியுது

புது மானிட்டர் டிஸ்ப்ளே போர்ட்ல சொருகுனதுக்கு அப்புறம் இப்படின்னா கார்டு சாகல. டிஸ்ப்ளே போர்ட் 1.3, 1.4 மானிட்டரோட பழைய கார்டுக்கு வர்ற சிக்கல் இது, என்விடியா 2018-லயே இதுக்குன்னு ஒரு ஃபர்ம்வேர் டூல் விட்டிருக்காங்க. அவங்க சைட்லேந்து மட்டும் எடுத்து ஓட்டுங்க, அது வரைக்கும் எச்டிஎம்ஐ-ல ஓட்டிக்கோங்க.

டெஸ்க்டாப்: கேம் திறக்கவே மாட்டேங்குது, இல்ல புது டிரைவர் ஏற மாட்டேங்குது

இதுதான் எனக்கு வருத்தமா இருக்குற பகுதி, ஏன்னா இங்க செய்யறதுக்கு அதிகம் இல்ல. 1080 டிஐ-ல ரே டிரேசிங்குக்கு (ஒளி போற பாதையை கணக்கு போட்டு வரையறது) தனி வன்பொருள் கிடையாது, 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாசம் வந்த டூம் த டார்க் ஏஜஸ் ரெண்டும் அது இல்லாம ஓடாது, எந்த செட்டிங் இறக்குனாலும் பிரயோஜனம் இல்ல. 2023 அக்டோபர்ல வந்த ஆலன் வேக் 2 மெஷ் ஷேடர்னு ஒரு விஷயத்தை நம்பி எழுதுனது, பாஸ்கல் கார்டுல (1080 டிஐ சேர்ந்த தலைமுறை) அது இல்லாததால ஆரம்பத்துல நடக்கவே முடியாம தவிச்சுது, 2024 மார்ச்ல ஒரு பேட்ச் வந்ததும் பழைய கார்டுக்கு உயிர் வந்துச்சு. அதனால ஒரு கேம்ல மட்டும் லேப்டாப் பல மடங்கு முன்னாடி போனா கேமை அப்டேட் பண்ணிட்டு திரும்ப பாருங்க.

டிரைவர் விஷயத்துல 580 வரிசைதான் பாஸ்கல் கார்டுக்கு கடைசி. புது கேமுக்கான டிரைவர் 2025 அக்டோபரோட நின்னுடுச்சு, அதுக்கப்புறம் 2028 அக்டோபர் வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்யூரிட்டி அப்டேட் மட்டும். லேப்டாப்புக்கு டவுன்லோட் பண்ண அதே ஃபைலை பென் டிரைவ்ல கொண்டு வந்து டெஸ்க்டாப்ல போட்டா கார்டு பொருந்தலன்னு சொல்லும், டிரைவர் தேடற பக்கத்துல 10 சீரிஸ்னு சரியா தேர்ந்தெடுத்து எடுங்க. எஃப்பிஎஸ் பத்தலன்னா டிஎல்எஸ்எஸ் இல்லன்னாலும் அதே மாதிரி வேலை செய்யற எஃப்எஸ்ஆர் பழைய கார்டுலயும் ஓடும், 1440பி-ல குவாலிட்டி மோடு தாராளமா போதும்.

விளையாட்டு இல்ல, வேலை: ஒண்ணுல லேப்டாப் பறக்குது, இன்னொண்ணுல பழசு பறக்குது

இது கோளாறே இல்ல, ஆனா கோளாறுன்னு நினைச்சு விண்டோஸையே திரும்ப போட்டவங்க இருக்காங்க. ப்ளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல சைக்கிள்ஸ் வச்சு ரெண்டர் பண்றவங்க லேப்டாப்ல ப்ரிஃபரன்ஸ், சிஸ்டம் பக்கம் போய் கூடா-வை விட்டு ஆப்டிக்ஸ்னு மாத்துங்க, அப்பதான் ரே டிரேசிங் கோர் வேலைக்கு வரும், மாத்தாம ஓட்டி பழசுக்கும் புதுசுக்கும் பெருசா வித்தியாசம் இல்லன்னு சொல்றவங்கதான் அதிகம். படம் வரையற ஏஐ-லயும் லேப்டாப்தான் முன்னாடி, ஏஐ கணக்குக்குன்னே டென்சர் கோர் இருக்கு, 1080 டிஐ-ல எஃப்பி16 (16 பிட் எண்) கணக்கு சாதா வேகத்துல 64-ல ஒரு பங்குதான் ஓடும், அதுல அந்த மோடை ஆன் பண்ணா சிக்கிக்கும். யூடியூப்ல ஏவி1 வகை வீடியோ ஓடறப்ப டெஸ்க்டாப் சிபியு ஏன் ஏறுதுன்னு கேட்டாலும் பதில் இதே வகைதான், பாஸ்கல்ல ஏவி1 டிகோடர் இல்ல.

ஆனா வீட்லயே பேசற ஏஐ மாடல் ஓட்டறப்ப கதை அப்படியே திரும்பும். லாமா டாட் சிபிபி மாதிரி சாஃப்ட்வேர் ஒண்ணுல நாலு பிட் மாடல் (சைஸ் சுருக்குனது) போட்டு எழுத விட்டா, ஒவ்வொரு வார்த்தைக்கும் மாடல் முழுசையும் மெமரிலேந்து ஒரு தடவை இழுத்தாகணும், அங்க கோரை விட மெமரி வேகம்தான் பேசும், 484-க்கு முன்னாடி 256 என்ன பண்ணும். 13 பில்லியன் பாராமீட்டர் மாடல் நாலு பிட்ல 11 ஜிபி-ல அழகா உக்காரும், 8 ஜிபி-ல வழியும், வழிஞ்சா டிரைவர் சத்தமில்லாம சாதா ரேமுக்கு தள்ளிடும், எரர் வராது, வேகம் மட்டும் படுத்துடும். என்விடியா கண்ட்ரோல் பேனல்ல சிஸ்டம் மெமரி ஃபால்பேக்னு இருக்கறதை ஆஃப் பண்ணா நேர்மையா மெமரி பத்தலன்னு சொல்லி நிக்கும், சின்ன மாடலுக்கு மாறிக்கலாம். பழைய கார்டுல கூடா 12-க்கு (என்விடியாவோட கணக்கு போடற சாஃப்ட்வேர்) கட்டுன பில்டை மட்டும் போடுங்க, கூடா 13 பாஸ்கலை கைவிட்டுடுச்சு.

அன்னைக்கு சாயந்திரம் வரைக்கும் உக்காந்து தம்பி லேப்டாப்ல மோடு மாத்துனோம், மக்ஸை டிஸ்க்ரீட்டுக்கு வச்சோம், டெக்ஸ்சரை ஒரு படி இறக்குனோம், பின்னாடி பக்கம் ரெண்டு பழைய புக்கை முட்டு குடுத்தோம். முதல்ல பாதிக்கு பாதி வந்த அதே கேம் 1080பி-ல டெஸ்க்டாப்பை தாண்டிடுச்சு, 1440பி-ல வெளி மானிட்டர்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்துச்சு. ரேம் குச்சி அடுத்த வாரம் போட்டான், வெட்டறது அதோட நின்னுச்சாம். சித்தி டீ எடுத்துட்டு வந்து "அந்த பழசை எடைக்கு போட்டுடலாமாப்பா"ன்னு கேட்டாங்க, வேண்டாம் சித்தின்னு சொல்லி பவர் லிமிட்டை 70-ல வச்சு அப்படியே மேஜைக்கு அடியில தள்ளி விட்டோம், இப்ப அதுல அவன் மாடல் ஓட்டிக்கிட்டு இருக்கான்.